கெண்டைக்கால்

அந்த லாரிக்காரனைத் தெருவே 'புகைபோக்கி' என்றுதான் கூப்பிடும். ஒரு சிகரெட்டின் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைப்பவன். அவன் கால் ரத்தக்குழாய்கள் உள்ளுக்குள் அடைத்துச் சுருங்கிவிட்டன என்று டாக்டர் சொன்னபோது, தையல்காரியான மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"உக்காந்திருந்தா வர்ற ரத்தம் போதும். நடந்தா சதை இன்னும் கேக்கும். குழாய்தான் சுருங்கிக் கெடக்கே, எங்கேருந்து வரும்? கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்னா அடங்கும். மேடு ஏறவே ஏறாதீங்க."

சிகரெட்டையும் விடச் சொன்னார். அந்தக் கோபத்துக்கு வீட்டில் கன்னத்தில் அறை வாங்கியவள் அவள்.

ஒருநாள் சாயங்காலம், சோறு குழைந்துவிட்டது என்று ஆரம்பித்தவன், லாரிச் சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்துவிட்டான். முதல் அடி தோளில் இறங்கியது. இரண்டாவது தையல் மிஷினை உடைத்தது. மூன்றாவதற்கு அவள் அங்கே இல்லை.

தெரு வேடிக்கை பார்த்தது. அவள் நேரே ரயில் பாதை மேம்பாலத்தின் படிகளில் ஏறினாள். மேடு என்று டாக்டர் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. துரத்தியவன் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

"கால் இழுக்குதுடி! உயிர் போகுது! வந்து நீவி விடேன்!"

எத்தனை வருஷப் பழக்கம்! புத்தி வேண்டாம் என்றது; கால்கள் தாமாக இறங்கின. அவள் குனிந்ததுதான் தாமதம், கொத்தாக முடியைப் பிடித்து நெற்றியைக் கைப்பிடி இரும்பில் மோதினான். மறுபடியும் மோதினான். கண்ணில் பூச்சி பறந்தது. ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மறைத்தது.

மிச்சக் கண்ணால் பார்த்து, கட்டையாக இறுகிக் கிடந்த அந்தக் கெண்டைக்காலில் குதிகாலை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் இறக்கினாள். அவன் அலறிக்கொண்டு அடிப்படிவரை உருண்டான்.

"எந்திரிச்சேன், ஒன்ன உரிச்சுடுவேன்டி!"

"எந்திரி, பாப்போம்."

தன் குரலா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எழ முயன்றவன் திரும்பச் சரிந்தான். அவள் பாலத்தைக் கடந்து மறுபக்கம் இறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் நெற்றியைத் தைத்த நர்ஸ் கேட்டாள்: "வழுக்கி விழுந்தீங்களாக்கா?"

எப்போதும் சொல்லும் 'ஆமா' நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லம்மா. புருஷன் அடிச்சான்."

"அப்ப போலீஸுக்குச் சொல்லியாகணும்."

"சொல்லு. அவனையும் இங்கதான் தூக்கிட்டு வருவாங்க. வேற ரூம்ல போடுங்க."