வரைபடத்தில் இல்லாத குழாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம். அப்போது நான் கட்டட வரைவாளர். உலகத்திலேயே தலைசிறந்த வரைவாளர். (இந்த வரியைப் படித்த என் மனைவி, "உலகத்துலயா, தெருவுலயா?" என்று கேட்டாள். இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "அன்று காலை வானம் கறுத்து..."

அடித்துவிட்டேன். வானத்தில் தொடங்கும் கதையை நானே மூன்றாவது வரியில் மூடிவைத்துவிடுவேன்.

இரண்டாவது: "அவளைக் கண்டால் தூசியே எழுந்து நின்று வணக்கம் சொல்லும்."

இது பரவாயில்லை. அவள் என் மருமகள். பழைய கட்டடங்களை இடிக்கும் இடத்தில் மேற்பார்வையாளர். கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை நனைத்து, உடையாமல் கழற்றி, இரண்டு சுற்று பிளாஸ்டிக்கில் பொதிய வைப்பாள். ஈயம் கலந்த பழைய பெயின்ட்டை ஈரமாக்கித்தான் சுரண்டவேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் சுவரில் முதல் அடி. "நனைங்க, நனைங்க" என்று ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை சொல்வதால் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் ஈரத்துணி.*

* மூவாயிரத்துத் தொள்ளாயிரமாகவும் இருக்கலாம்.

இத்தனை பாடு எதற்கு? தெருவோர மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்புக்கும் போகாது, நேராக ஏரிக்குப் போகும். ஒரு பொட்டு விஷம்கூட அதில் இறங்காது என்று அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இறங்கினால் வேலை நிற்கும். அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தை யாரும் மதிக்கமாட்டார்கள்.

3

இப்போது அவள் இடிப்பது நான் வரைந்த கட்டடம். பார்க்கப் போனேன். தெருவில் வடிகால் வாய்களைச் சுற்றி மணல் மூட்டைகள், வடிகட்டித் துணி. உள்ளே முற்றத்தில், சுரண்டிய பெயின்ட்டும் காரையும் யானை உயரத்துக்கு (சரி, கன்றுக்குட்டி உயரத்துக்கு) குவிந்து, மேலே தார்ப்பாய்.

"முற்றத்துல ஏம்மா கொட்டினீங்க?"

"உங்க டிராயிங்கை நம்பித்தான் மாமா. இங்கேர்ந்து வெளிய போற குழாயே கிடையாது. மழை பெஞ்சாலும் தண்ணி இங்கயே நிக்கும். மோட்டார் போட்டு டேங்க்ல பிடிச்சிருவோம்."

"பெரியவர் வரைஞ்சா வரைஞ்சதுதான்," என்றார் மேஸ்திரி.

குழாய் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை கொத்தனார் கேட்டார்: "சார், முற்றத்துல தண்ணி நிக்குது, ஒரு குழாய் விட்டுரட்டா?" விடு என்றேன். அதை வரைபடத்தில் சேர்க்க முழுத் தாளையும் மறுபடி மையில் வரையவேண்டும். பசி வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் முழுக் குழாயை மண்ணில் மறைத்தேன்.

4

இங்கே கதாநாயகன் வாயைத் திறக்கவேண்டும். எழுதிப் பார்த்தேன்.

நெஞ்சை நிமிர்த்தி உடனே ஒப்புக்கொள்கிறான். (நம்பும்படி இல்லை. அவனை எழுபது வருடமாக எனக்குத் தெரியும்.)

பழியைக் கொத்தனார் தலையில் போடுகிறான். இது எழுத எழுத அருமையாக வந்தது. பயந்துபோய்க் கிழித்தேன்.

நடந்தது: "வரேம்மா" என்று வீட்டுக்கு வந்து, டீ குடித்து, மின்விசிறியைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஜன்னலில் முதல் துளி விழுந்ததும் குடையை மறந்து ஓடினான். ஓடினான் என்பது முழங்காலுக்குத் தெரிந்தால் சிரிக்கும்.

5

"முற்றத்துல குழாய் இருக்கும்மா. மண்ணுக்கடியிலயே தெரு வடிகாலுக்குப் போகுது. நான்தான் வரையாம விட்டேன்."

இந்த இடத்தில் அவள் என்னைத் திட்டுவதாக அரைப் பக்கம் வைத்திருந்தேன். அவள் கேட்டது இவ்வளவுதான்.

"எந்த மூலை, மாமா?"

"வாசல் பக்கம்... இல்ல, படிக்கட்டு பக்கம்."

"யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு மூலையத் தோண்ட நேரமில்ல."

"படிக்கட்டு பக்கம்."

குவியலின் ஓரத்தை ஒதுக்கினார்கள். அடியில் கம்பிவலை. தண்ணீர் அதற்குள் கொப்புளித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் சுற்றிய சாக்குகளைத் திணித்து அடைத்தார்கள். மோட்டார் இரைந்தது.

"நாலு நிமிஷம் போயிருக்கும் மேடம்," என்றார் மேஸ்திரி.

"ஏழுன்னு எழுதுங்க."

தெரு வடிகாலில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

"தெளிவாத்தானே இருக்கு?" என்றேன்.

"ஈயம் கண்ணுக்குத் தெரியாது மாமா."

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு அவளே போன் செய்தாள். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், 'முற்றத்தை நான் தண்ணீர் விட்டுச் சோதிக்கவில்லை' என்று எழுதினாள். அதில் நான் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. என் பெயரையும் போடச் சொன்னேன்.

"என் பங்கை நான் எழுதிட்டேன். உங்க பங்கை நீங்க எழுதுங்க."

எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

அந்தப் பாட்டில் தண்ணீரின் பரிசோதனை முடிவு இன்று மாலை. இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருக்கிறேன். ஒன்றில் தண்ணீர் சுத்தம், ஏரியில் மீன்கள் கைதட்டுகின்றன. மற்றொன்றில்

(இல்லை. அதை எழுதமாட்டேன்.)

வாசல் மணி அடிக்கிறது. மருமகளிடம் சாவி உண்டு. கை நிறையச் சாமான் இருந்தால் மணி அடிப்பாள். மனசு சரியில்லை என்றாலும் அடிப்பாள். என் மனைவி குளிக்கிறாள். எனக்கு முழங்கால் வலி. இதில் மிகை ஏதுமில்லை, இப்போதுதான் வந்தது.

கதவுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். போய்த் திறங்கள்.