டெலிவரி தேதி

காலையில் யார்டுக்கு வந்ததும் ஹைருன் பீவிக்கு முதல் வேலை, அங்கே நிற்கிற பழைய கார்களை ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுவது. விற்காமல் நிற்கிற வண்டியில் பேட்டரிதான் முதலில் போகும். அன்றைக்கு மேலகரத்தில் சாரல் அப்போதுதான் போடத் தொடங்கியிருந்தது. துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு பதினோரு வண்டியை முடித்தாள். பன்னிரண்டாவது வண்டி இல்லை. வெள்ளை ஏழு சீட்டு வண்டி நின்ற இடத்தில் தரை மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் மேலும் தூறல் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது.

முதலாளி விஜயசங்கருக்குப் போன் போட்டாள்.

"மொதலாளி, ஏழு சீட்டு வண்டிய வாட்டர் வாஷுக்கு அனுப்பிருக்கியளா? பத்து மணிக்கு உச்சிமாகாளி டெலிவரி எடுக்க வாராரு."

"அது குடுத்தாச்சும்மா. பழைய குத்தாலத்து ரிசார்ட்காரர் கூடப் போட்டுக் குடுத்தாரு. இப்பத்தான் எடுத்துட்டுப் போறாரு. உச்சிமாகாளி வந்தா அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துரு. மேசையில ஒரு காயிதம் வச்சிருக்கேன், அதுல கையெழுத்து வாங்கிக்கோ."

"நாம எழுதிக் குடுத்துருக்கோமே மொதலாளி?"

"எழுதினா என்ன? வேற வண்டி பாத்துக் குடுப்போம்."

எழுதியது அவள்தான். என்ஜின் நம்பர், சேஸ் நம்பர், விலை, ஐம்பதாயிரம் அட்வான்ஸ், டெலிவரி தேதி எல்லாம் அவள் கையெழுத்து. கீழே யார்டின் சீல். ஆறு வருஷமாக இங்கே எல்லாக் காகிதமும் அவள் எழுதுவதுதான். புருஷன் புனலூரில் ஒரு பேக்கரியில் நிற்கிறான், மாதம் ஒருமுறை வருவான். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பிள்ளைகள் டியூஷன் விட்டு வருவதற்குள் திரும்பிவிடுகிற மாதிரி இன்னொரு வேலை அவளுக்குத் தென்காசியில் கிடைக்காது.

பத்து மணிக்கு முன்பே குத்துக்கல்வலசையிலிருந்து உச்சிமாகாளியும் மனைவி முத்துவடிவும் டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கினார்கள். முத்துவடிவின் கையில் பாலிதீன் பையில் மாலையும் எலுமிச்சம்பழமும் இருந்தன. பதினான்கு வருஷம் அடுத்தவன் டாக்ஸியை ஓட்டியவன் உச்சிமாகாளி. போன வாரம்தான் அந்த வேலையை விட்டிருந்தான். சீசனுக்கு வண்டியோடு வரச் சொல்லிக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் பேசி வைத்திருந்தான்.

அவன் யார்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். "வண்டி எங்கக்கா நிக்கி?"

ஹைருன் சொன்னாள்.

"அப்போ எங்களுக்கு எழுதிக் குடுத்தது என்னது?" என்றாள் முத்துவடிவு.

ஹைருன் பணக்கவரையும் காகிதத்தையும் நீட்டினாள். உச்சிமாகாளி காகிதத்தை மட்டும் வாங்கி நிதானமாகப் படித்தான். முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவும், இனி இந்த வண்டி சம்பந்தமாகத் தனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்றும் அதில் இருந்தது. அவள் திறந்து கொடுத்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"நான் பணத்துக்கு வரலக்கா. வண்டிக்கு வந்தேன்."

போகும்போது முத்துவடிவு மாலைப் பையை டி.வி.எஸ். கைப்பிடியில் மாட்டிக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் தென்காசி வக்கீல் ஸ்மிருதியிடமிருந்து நோட்டீஸ் வந்தது. விஜயசங்கர் அதைப் படித்துவிட்டு டீ கிளாஸை அதன் மேல் வைத்தார். அவர் எதற்கும் சத்தம் போடுகிறவர் இல்லை. கொஞ்ச நாளில் நுகர்வோர் கோர்ட்டில் வழக்கும் பதிவானது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளை உள்ளே கூப்பிட்டார்.

"ஹைருன், இதுல ஒரு கையெழுத்து."

நூறு ரூபாய்ப் பத்திரம். விற்பனை உறுதியாகாமலே அட்வான்ஸ் வாங்கியதாகவும், டெலிவரி தேதியை முதலாளிக்குத் தெரியாமல் தானே எழுதிவிட்டதாகவும் அவள் பெயரில் டைப் அடித்திருந்தது. மெல்ல இரண்டு தடவை படித்தாள்.

"தேதி நீங்க சொல்லித்தான எழுதினேன் மொதலாளி? வெள்ளிக்கெழம வேண்டாம், சனிக்கெழம போடுன்னு நீங்கதான மாத்தச் சொன்னிய?"

"யாரு இல்லன்னா? கோர்ட்டுக்கு ஒரு காயிதம் வேணும். ஒன்ன யாரு என்ன செய்யப் போறா?"

"வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்."

மறுநாள் ஐந்தருவிக்குப் பஸ் ஏறினாள். வண்டிகள் நிற்கிற இடத்தில் உச்சிமாகாளி இருந்தான். சொந்த வண்டியும் இல்லை, பழைய வேலையும் இல்லை. கூப்பிடுகிறவர்களுக்கு நாள்கூலிக்கு ஆக்டிங் டிரைவராக ஓடிக்கொண்டிருந்தான். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குளிக்கப் போயிருந்தது. அவர்கள் வண்டியின் முன் கதவைத் திறந்து வைத்துக் காலை வெளியே தொங்கப் போட்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"வக்கீலம்மா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"அந்த வண்டியே வேணும்னு கேக்க முடியாதாம்க்கா. வாங்கினவருக்கு எங்க வெவகாரம் தெரியாதுல்லா? அவருகிட்டருந்து புடுங்க முடியாது. அட்வான்ஸு வட்டியோட வரும், எனக்கு ஆன நட்டத்துக்கும் கேக்கலாம்னு சொல்லுதாவ. அன்னைக்கு அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டிருந்தா இதுவும் போயிருக்குமாம்."

"நீங்க வியாபாரத்துக்கு வாங்கினதுனால கேஸே செல்லாதுன்னுல்லா மொதலாளி பதில் போட்டிருக்காரு."

"நானே ஓட்டி நானே பொழைக்கதுக்கு வாங்கினா அது வியாபாரம் ஆகாதாம்."

அருவியின் இரைச்சலில் இருவரும் கொஞ்சம் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

"தேதிய நானாத்தான் எழுதினேன்னு என்கிட்ட கையெழுத்துக் கேக்காரு."

உச்சிமாகாளி பானெட்டில் விரித்திருந்த ஈரத்துண்டுகளைத் திருப்பிப் போட்டான்.

"ஒங்களுக்கும் பொழப்பு இருக்குக்கா. போடாதீயன்னு நான் எப்படிச் சொல்ல?"

மதுரைக்காரர்கள் நடுங்கிக்கொண்டே வந்தார்கள். அவன் கதவுகளைத் திறந்துவிடப் போனான்.

திங்கட்கிழமை அவள் விஜயசங்கரிடம் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "எங்க வீட்டுல வேண்டாங்காவ மொதலாளி." புனலூருக்கு அவள் போனே போடவில்லை. அவர் தலையை மட்டும் ஆட்டினார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அந்தத் தீபாவளிக்கு எல்லாருக்கும் ஸ்வீட்டோடு போனஸ் கவரும் கொடுத்தபோது, அவளுக்கு ஸ்வீட் பாக்கெட் மட்டும் வந்தது, கவர் வரவில்லை.

தீர்ப்பு வரும்போது அடுத்த வருஷத்துச் சாரலும் வந்து போயிருந்தது. வட்டியோடு அட்வான்ஸ், நஷ்டஈடு, வழக்குச் செலவு. விஜயசங்கர் மேல்முறையீட்டுக்கெல்லாம் போகவில்லை. ரிசார்ட்காரர் கூடக் கொடுத்ததில் பாதிகூட வராத தொகை அது. செக் எழுதி வைத்துவிட்டு ஆளை வரச் சொன்னார்.

உச்சிமாகாளி தனியாக வந்தான். செக்கை மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"ஜெயிச்சிட்டிய," என்றாள் ஹைருன்.

"ஆமக்கா. வக்கீலம்மாவும் அதான் சொன்னாவ."

"வண்டி பாக்கலியா?"

"ரேட்டு இப்ப எங்கயோ போய் நிக்கி. அந்த லாட்ஜுலயும் வேற ஆளப் போட்டுட்டாவ." மணியைப் பார்த்தான். "செங்கோட்டையில ஒரு ஆக்டிங் இருக்கு. வாரேன்."

அடுத்த வாரம் அச்சகத்திலிருந்து புது ரசீதுப் புத்தகங்கள் வந்தன. பக்கத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் நான்கு வரி சேர்ந்திருந்தது. வண்டி கைக்கு வரும்வரை காரணம் சொல்லாமல் விற்பனையை ரத்து செய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. வாங்குபவர் நஷ்டஈடு கோர மாட்டார். அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"இங்கன கையெழுத்து வாங்காம ஒரு காயிதமும் வெளிய போகக் கூடாது," என்றார் விஜயசங்கர். "போச்சுன்னா ஒன் பொறுப்பு."

மத்தியானம் ஆய்க்குடியிலிருந்து மீன் வியாபாரி ஒருவர் சின்ன லோடு வண்டி பார்க்க வந்தார். விலை படிந்தது. ஹைருன் எழுதி முடித்துப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"கீழ உள்ளதப் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க அண்ணாச்சி."

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா. நீதான எழுதுத, பெறகு என்ன? எங்கன போடணும், சொல்லு."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் விஜயசங்கர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். பெரியவர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். ஹைருன் பீவி அந்த நான்கு வரிக்குக் கீழே விரலை வைத்தாள். விரல் நுனிக்குப் பக்கத்தில் அவர் தம் பெயரை எழுத்துக் கூட்டி, அழகாக, முழுதாக எழுதினார்.