ஒளித்து வைத்த கோட்டு

ஜனவரித் தள்ளுபடி புதன்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும். ஆனால் பாரீஸில் பாதிப் பெண்கள் முந்தின நாள் மாலையே கடைக்குப் போய்விடுவார்கள். வாங்க அல்ல, பிடித்ததை மற்றவர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க. என் அக்கா பெரெனிஸும் ஒரு பச்சைக் கோட்டை ஆண்கள் மழைக்கோட்டுகளுக்கு நடுவே சொருகிவிட்டு வந்திருந்தாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவள் மாமியார் வீட்டில் விருந்து. போன முறை அந்த அம்மாள் அக்காவின் பழைய கோட்டை இரண்டு விரலால் தூக்கி வேலைக்காரியிடம் கொடுத்தாள். அதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள். சேந்த் ஒனோரே தெருவில் தள்ளுபடியே தராத ஒரு கைப்பைக் கடை முன்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மூடிய ஷட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முட்டாளுங்க. முழு விலை குடுக்கறதுக்குக் குளிர்ல நிக்கறாங்க பாரு," என்றாள் அக்கா.

"நாம மட்டும்?"

"நாம தள்ளுபடிக்குப் போறோம். ரெண்டும் ஒண்ணாடி?"

கோட்டு இருந்த ஓஸ்மான் சாலைக் கடை வாசலில் இருநூறு பேர். கதவு திறந்ததும் முழங்கைகள்தான் முதலில் உள்ளே போயின. எனக்கு முன்னால் ஒருத்தியின் செருப்பு கழன்றது. அதை எடுக்க அவள்கூடக் குனியவில்லை.

கோட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அக்கா அதை மார்போடு அணைத்தபடி விலைச்சீட்டைத் திருப்பினாள். தள்ளுபடிக்கான சிவப்பு ஸ்டிக்கர் இல்லை. விற்பனைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"இது புது வரவு மேடம். தள்ளுபடி கிடையாது. நேத்தே போர்டு வெச்சாச்சே."

போர்டைப் படித்துவிட்டு யார் ஒளித்து வைப்பார்கள்?

பக்கத்தில் சிவப்புக் கையுறை போட்ட ஒரு பெண் கையை நீட்டினாள். "வேண்டாம்னா இப்படிக் குடுங்க."

"வேண்டாம்னு யார் சொன்னா? உங்க தோளுக்கு இது நிக்காது."

"உங்களுக்கு மட்டும் நிக்குமாக்கும்."

அக்கா முழு விலை கொடுத்தாள்.

மெட்ரோவில் கடைப் பெயர் வெளியே தெரியும்படி பையை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது நிறுத்தத்தில் என் பக்கம் திரும்பினாள்.

"முழு விலைன்னு தெரிஞ்சா மாமியார் அதுக்கும் சிரிப்பாங்க. பாதி விலைக்குக் கிடைச்சதுன்னு நீ சொல்லணும்."

"என்னை விருந்துக்குக் கூப்பிடலையே."

"வாடி. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."