லாபத்தில் போட்ட ஊசி

எங்கள் கடையில் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று யாரும் தொடங்குவதில்லை. முதல் மூட்டைக்கு லாபம் என்று பெயர். அடுத்தது ரெண்டு, அதற்கடுத்தது மூணு. படியால் அளந்தாலும் இதே கணக்குதான். தொடக்கமே நல்ல சொல்லாக இருக்க வேண்டும் என்பது வியாபாரிகளின் வழக்கம். என் கணவர் இருந்தவரை அவர்தான் எண்ணுவார். அவர் போன பிறகு நான் எண்ணுகிறேன். லாபம் என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பேன். லாரியில் ஏற்றுகிற முத்துச்செல்வம் முதுகில் மூட்டையோடு திரும்பிப் பார்ப்பான்.

"என்னக்கா, ரெண்டு மறந்து போச்சா?"

மறக்கவில்லை. அந்த ஒரு நொடிக்குப் பின்னால் என் மகள் பிறந்த கதை இருக்கிறது.

என் கணவர் பெயர் மகாராஜா. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குப் போகிற தோணிகளுக்கு வெங்காயமும் பருப்பும் கொடுத்துவந்தார். சாக்கின் வாயைக் கோணி ஊசியால் அவரே தைப்பார். வேலையாட்கள் தைத்தால் தையல் இடைவெளி சரியாக விழாது என்பார். கல்யாணமாகிச் சாத்தான்குளத்திலிருந்து வந்த புதிதில் நான் கடைப் பக்கமே போகாததற்கு அந்தக் கோணி ஊசிதான் காரணம்.

எனக்கு ஊசி என்றால் பயம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று, வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பிள்ளையின் கையில் பஞ்சைத் தேய்த்தார்கள். அதைப் பார்த்தே விழுந்துவிட்டேன். ஊசி என் பக்கம் வரவேயில்லை. விழுந்ததில் முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. பல்லைச் சரிசெய்ய வேண்டுமானால் ஈறில் ஊசி போட வேண்டும் என்றார் பல் மருத்துவர். நாற்காலியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று வாயைத் திறக்காமல் சிரித்தேன். அடக்கமான பிள்ளை என்று மாப்பிள்ளை வீட்டார் மகிழ்ந்துபோனார்கள். எவ்வளவு அடக்கம் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

நான் உண்டாகியிருந்தபோது ரத்தம் குறைவாக இருப்பதாக டாக்டர் அனுஜா சொன்னார். இரும்புச் சத்தை ஊசி வழியாக ஏற்றலாம் என்றார். மாத்திரையே போதும், சாப்பாட்டிலேயே ஏற்றிக்கொள்கிறேன் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் முருங்கைக்கீரை கொதிக்காத நாளில்லை. என் கணவர் தனக்குத் தெரிந்த மொத்த வியாபாரியிடம் சொல்லிப் பேரீச்சம்பழத்தைப் பெட்டி பெட்டியாக இறக்கினார்.

"ஏளா, இதயெல்லாம் தின்னு முடிச்சா நீயே ஒரு பேரீச்ச மரம் ஆயிருவ" என்றார்.

ரத்தம் கொஞ்சம் ஏறியது. போதுமான அளவுக்கு ஏறவில்லை.

மாதம் நெருங்கியபோது டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். "பிரசவத்துல ரத்தம் கூடுதலாப் போச்சுன்னா உங்க உடம்பு தாங்காது. உடனே ஏத்தணும். அந்த நேரம் நரம்பு தேடிட்டு இருக்க முடியாது. அதனால வலி வந்து சேர்ந்ததும் முதல் வேலையா கையில ஊசி வழியா ஒரு குழாய் செருகி வைக்கணும். உங்களுக்கோ ஊசியப் பார்த்தா மயக்கம் வருது. நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுப் போட்டு, நீங்க மயங்கி, பிரஷர் விழுந்தா அது பிள்ளைக்கும் நல்லதில்ல. நீங்களா கையக் கொடுக்கணும்."

நானாகக் கையைக் கொடுக்க வேண்டும். என்னிடம் யாரும் அதுவரை கேட்காத ஒன்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே வந்தேன்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் முறை. ரத்தக் குறைவால் டாக்டர் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டதால், என் அம்மா முத்துக்கனி சாத்தான்குளத்திலிருந்து இரண்டு பைகளோடு வந்து சேர்ந்தாள். ஒரு சாயங்காலம் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு வலி தொடங்கியது. அம்மா அடுப்பை அணைத்தாள், சுட்ட முறுக்கைத் தூக்குவாளியில் அள்ளினாள், ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்க்கும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. கடையிலிருந்து ஓடிவந்த இவர் வராந்தாவில் காத்திருந்தார்.

அங்கே இருந்த நர்ஸ் பெயர் ஜீவமணி. வேம்பார்க்காரர். உரத்த குரல். சிறிய தட்டோடு வந்து கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா எனக்காக முன்னால் வந்தாள்.

"சிஸ்டர், விளக்கு வெச்ச பொறவு ஊசியக் கையில எடுக்கக் கூடாதுல்லா. எங்க ஊர்க் கடையில இந்நேரத்துக்கு ஊசி கேட்டா, இருந்தாலும் இல்லம்பாவ."

"அப்படியா? பிள்ளை மட்டும் விளக்கு வெச்ச பொறவு வரலாமாக்கும்? அதயும் விடிஞ்ச பொறவு வரச் சொல்லுங்க. நான் வீட்டுக்குப் போயி மீன்கொழம்பு வைக்கேன்."

அம்மா தூக்குவாளியைத் திறந்தாள். ஒரு முறுக்கை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"முன்னால உனக்கு ஊசி போட்டவங்க என்ன சொல்லிப் போடுவாங்க?"

"போடல போடலன்னு சொல்லிக்கிட்டே போட்டுருவாவ."

"நான் பொய் சொல்ல மாட்டேன். வலிக்கும். கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். ஊசிய உடனே உருவிருவேன். உள்ள இருக்கப்போறது வளையுத மாதிரி சின்னக் குழாய், அவ்வளவுதான். நீ சம்மதிக்காம உன் கையத் தொட மாட்டேன். சரியா?"

நான் தலையாட்டினேன். என்னைப் படுக்கச் சொன்னார். வலி விட்டிருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு கால்களையும் முறுக்கி முகம் சூடாகும்வரை இறுக்கச் சொன்னார். பிறகு தளர்த்தச் சொன்னார். மறுபடி இறுக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் ரத்தம் தலைக்கு ஏறும், மயக்கம் வராது என்றார். கையை மட்டும் துவளவிட வேண்டும். எனக்கே ஆச்சரியம், தட்டு கண்ணெதிரே இருந்தும் தலை சுற்றவில்லை.

"இப்ப மூணு வரைக்கும் எண்ணுதேன். மூணுலதான் போடுவேன். ஒண்ணு..."

என் கை போய்விட்டது. நான் எடுக்கவில்லை, அதுவாகவே போர்வைக்குள் போய்விட்டது. இன்னொரு முறை எண்ணினார். ஒண்ணு என்றதும் கை தட்டில் இடித்து, பஞ்சு பறந்தது. அடுத்த முறை அவர் வாயை ஒண்ணுக்குக் குவித்ததுமே நான் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டேன். அதற்குள் வலி வந்து நான் முனக, அவர் என் முதுகைத் தேய்த்துவிட்டார். வலிகள் நெருங்கிக்கொண்டிருந்தன. ஜீவமணி சிஸ்டர் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"யாரு எண்ணுனா நீ கையக் கொடுப்ப?"

"அவரு."

சிஸ்டர் கதவைத் திறந்து, "மகாராஜா யாரு?" என்று கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் யாரோ, "ஏலே, மகாராஜா வாராரு, காலை மடக்குங்கலே!" என்று சொல்ல, வராந்தா முழுக்கச் சிரித்தது. இவர் கடைச் சட்டையோடு, தோளில் சாக்குத் தூசியோடு உள்ளே வந்தார். சிஸ்டர் முதலில் கைகழுவ அனுப்பினார். பிறகு விளக்கினார்.

"அண்ணாச்சி, மூணு வரைக்கும் இழுத்தா இவளுக்குப் பயம் கூடுது. நீங்க ஒண்ணு சொன்னதும் நான் போட்டுருவேன். என்னம்மா, சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். கால்களை இறுக்கினேன். கையை நீட்டினேன். இவர் என் மறு கையைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியைத் தயாராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"லாபம்" என்றார் இவர்.

சிஸ்டர் காத்திருந்தார்.

"ரெண்டு."

"அண்ணாச்சி, ஒண்ணு எங்க?"

"சொன்னேனே சிஸ்டர்."

"எப்ப சொன்னிய? என்னமோ லாபம்னுல்லா சொன்னிய."

"அதுதான் ஒண்ணு."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். "இது என்ன வெங்காய மண்டியா? ஒண்ணுன்னு சொல்லுங்க."

"சரி, சொல்லுதேன்." இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார். வாயை ஒண்ணுக்குத்தான் திறந்தார், நான் பார்த்தேன். "லாபம்" என்றார்.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிஸ்டருக்குத் தோள் குலுங்கியது. இவர் வியர்த்துப்போய், "வாயி திரும்ப மாட்டேங்குது சிஸ்டர். எங்க அப்பா ஒண்ணுன்னு சொன்னா தலையில கொட்டுவாரு. விடிஞ்சா எந்திரிச்சா இதே கணக்குல்லா" என்று கெஞ்சினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலிக்கும் சிரிப்புக்கும் நடுவில், நான் வேறொன்றைப் பார்த்தேன். என் கை நீட்டிய இடத்திலேயே கிடந்தது. இரண்டு முறையும் அது ஓடவில்லை. ஒண்ணு என்ற சொல்லுக்குப் பின்னால் ஊசி வரும் என்று என் கைக்குத் தெரியும். லாபத்துக்குப் பின்னால் அது எதையும் எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து, கடைக்கு மேலிருக்கும் எங்கள் வீட்டில் விடிந்ததும் முதலில் காதில் விழுகிற சொல் அது. அதைக் கேட்டால் நான் பல் துலக்கப் போவேன்.

"சிஸ்டர், லாபத்துலயே போடுங்க" என்றேன். "தெரிஞ்சுதான் சொல்லுதேன். லாபம்னு சொன்னதும் போட்டுருங்க."

"நெசமாவா?"

"நெசமா."

கால்களை இறுக்கினேன். இவர் இந்த முறை துறைமுகத்தில் தோணிக்காரருக்குக் கேட்கிற குரலில், இழுத்து, "லாபோம்" என்றார். கட்டெறும்பு கடித்தது. சரியாகச் சொன்னால் கட்டெறும்பைவிடக் கொஞ்சம் பெரியது. நான் கத்தினேன். கை மட்டும் அசையவில்லை. கண்ணைத் திறந்தபோது சிஸ்டர் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். ஊசி தட்டில் தனியாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. இருவருக்கும் இனி வேலையில்லை.

"ரெண்டு" என்றார் இவர், விட்ட கணக்கைத் தொடர்ந்து.

"போதும் அண்ணாச்சி! ரெண்டாவது கிடையாது" என்றார் சிஸ்டர். கோட்டுப் பையிலிருந்த முறுக்கை எடுத்து அப்போதுதான் கடித்தார்.

அதன்பின் வந்த வலிகளையெல்லாம் இவர்தான் எண்ணினார். வலி தொடங்கும்போது லாபம். ஏற ஏற ரெண்டு, மூணு, நாலு. இறங்கும்போது குரலும் இறங்கும். நானும் கூடவே மூச்சை விட்டேன். ஒரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னும் எத்தன மூட்டை?" என்று கேட்டேன்.

"தோணி நெறையுத வரைக்கும் ஏத்தணும். பாதிக்கு மேல ஏத்தியாச்சு. பொறுத்துக்க."

"அடுத்த தோணிய நீங்க பெத்துக்கிடுங்க."

"சரி, கூலி பேசிக்கிடுவோம்."

காலையில், உப்பு லாரிகள் ரோட்டில் போகத் தொடங்கிய நேரத்தில், எங்கள் மகள் பிறந்தாள். பிறந்த கையோடு டாக்டர் பயந்தது நடந்தது. ரத்தம் நிற்கவில்லை. அறையில் பேச்சு குறைந்து கால்கள் வேகமாக நடந்தன. எனக்குக் குளிரெடுத்தது. ஆனால் யாரும் என் கையைத் தேடவில்லை, நரம்பைத் தட்டவில்லை. திறந்திருந்த அந்தக் குழாய் வழியாக மருந்து போனது, பிறகு ரத்தம் போனது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எது வரைக்கும் எண்ணினேன் என்று நினைவில்லை. குளிர் விட்டபோது டாக்டர் அனுஜா என் கையிலிருந்த பிளாஸ்திரியைத் தட்டிக்கொடுத்து, "நீங்க கொடுத்த கைதான் உங்களைக் காப்பாத்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று ஜீவமணி சிஸ்டர் மறுபடி தட்டோடு வந்தார். நான் கையைப் போர்வைக்குள் இழுத்தேன். பழக்கம்.

"உனக்கில்ல. ராசாத்திக்கு. தடுப்பூசி போட்டு அனுப்பணும். யாராவது பிள்ளையப் பிடிங்க."

அம்மா கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் மகளின் தோளைப் பார்த்தார். இவர் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத தோள். இவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான்... ஆட்டோக்காரன் வந்துட்டானான்னு பாத்துட்டு வாரேன்."

"ஏன் அண்ணாச்சி, நாள் பூரா கோணி ஊசி பிடிக்கிற கையி, இப்படி ஓடுதியளே?"

"சாக்கு அழாதுல்லா சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அறையில் சிஸ்டரும் நானும் மகளும்தான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரையாவது கூப்பிடட்டுமா என்று சிஸ்டர் கேட்டார்.

"வேண்டாம். நான் பிடிச்சுக்கிடுதேன்."

மகளை நெஞ்சோடு சேர்த்து, இடது தோளை வெளியே எடுத்துப் பிடித்தேன். போர்வைக்குள் என் கால்களை இறுக்கினேன். தட்டைப் பார்த்தேன், ஊசியைப் பார்த்தேன், கண்ணை மூடவில்லை. அவளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று காதருகே குனிந்து, வலிக்கும், கட்டெறும்பு மாதிரி, உடனே சரியாகிவிடும் என்றேன். சிஸ்டர் தயாராகி என் முகத்தைப் பார்த்தார்.

"லாபம்" என்றேன்.

மகள் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினாள். ஒரு நொடி. அதற்குள், மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அழுகிற குரலில் கணக்குத் தவறாமல் வந்தது.

"ரெண்டு."