விரல் வைத்த காலை

பஸ் ஆஸ்பத்திரியின் முன்கேட்டில்தான் நிற்கும். இறங்கி இருபது அடி நடந்தால் கண்ணாடிக் கதவு; அதற்குள் அவசரப் பிரிவு. பதினோரு வருடமாக ஐசியூ தரையைத் துடைக்கும் அக்கா, ஒருநாளும் அந்தக் கதவு வழியாக உள்ளே வந்ததில்லை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பின்கேட். மதிலை ஒட்டிச் சுற்றிப்போகப் பத்து நிமிடம்.

நானும் கான்ட்ராக்ட்தான். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவன். சேர்ந்த புதிதில் முன்பக்கமாக வந்துவிட்டேன். "நீ என்ன, இந்த ஆஸ்பத்திரிக்கு மாப்பிள்ளையா?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அதன்பிறகு என் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அன்று காலை ஆறு மணிக்கு இரவு ஷிப்ட் முடித்துப் பின்கேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருக்கும் செக்யூரிட்டியை நாங்கள் மந்திரி என்போம். கேட்டைத் திறக்க அவனிடம் மனுப் போடாத குறைதான். அக்கா தன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன அக்கா, மாமாவையும் வேலைக்குச் சேத்துவிடப் போறீங்களா?"

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு துடைப்பம்தான், இப்பவே சொல்லிட்டேன்," என்றான் மந்திரி.

மாமாவும் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

"நாலு மணிலேர்ந்து நெஞ்ச அடைக்குதாம் தம்பி. வாயுதான், சரியாப்போகும்னு படுத்துக்கிட்டார். நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

"விரல வெச்சிட்டுப் போம்மா," என்றான் மந்திரி, பழக்கத்தில்.

அவளும் பழக்கத்தில் வைத்தாள். அவர் வேர்வை பட்ட ஈரக்கையை வருகை மெஷின் இரண்டு தடவை ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து மூன்றாவது தடவை வைத்தாள். ஒரு கை புருஷனைப் பிடித்திருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

பின்பக்கமிருந்து அவசரப் பிரிவுக்குப் போகும் கதவு, கார்டு காட்டினால்தான் திறக்கும். எங்களுக்குக் கார்டு கிடையாது. தட்டிவிட்டு, யாராவது திறக்கும்வரை நிற்போம். அன்றும் தட்டிவிட்டு நின்றோம். அழுக்குத் துணி வண்டிமேல் மாமாவை உட்காரவைத்தேன்.

"டீ வேணுமா மாமா?" என்றுகூடக் கேட்டேன்.

அவர் துணி மூட்டைமேல் மெல்லச் சாய்ந்தார். அக்கா கூப்பிட்டாள். பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு முன்வாசல் ஞாபகம் வந்தது. வண்டியோடு அவரைத் தள்ளிக்கொண்டு மதிலைச் சுற்றி ஓடினேன். அக்கா அவர் தலை இடிபடாமல் பிடித்துக்கொண்டே கூட ஓடிவந்தாள். கண்ணாடிக் கதவு தானாகவே திறந்தது.

உள்ளே அரைமணி நேரம் போராடினார்கள். நன்றாகத்தான் பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. பிறகு டாக்டர் வெளியே வந்தார்.

"ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா."

"வந்துட்டோம் டாக்டர்," என்றாள் அக்கா. "பின்னாடி நின்னுட்டிருந்தோம்."

நர்ஸுக்கு அக்காவைத் தெரியும். அழுதுவிட்டாள். "பஸ் இங்கதானேக்கா நிக்குது. பேஷண்டோட வந்தா உங்கள யாரு தடுக்கப்போறா? ஏங்க்கா சுத்திப் போனீங்க?"

யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அதுதான் உண்மை.

"தோணலையேம்மா," என்றாள் அக்கா. மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மதில் நெடுக நடந்திருக்கிறார். எனக்கும்தான் தோன்றவில்லை. நான் டீ வேண்டுமா என்று கேட்டேன்.

பிணவறை பின்கேட் பக்கம்தான். நான்தான் தள்ளினேன். நர்ஸ் கார்டைக் காட்டினாள். நாங்கள் தட்டிய கதவு உடனே திறந்துகொண்டது.

பிணவறை வாசலில் அக்காவின் போன் அடித்தது. சூப்பர்வைசர். அவர் குரல் எனக்கே கேட்டது: ஆறு அஞ்சுக்கு விரல் வெச்சிருக்கே, மணி ஏழரை, ஐசியூ இன்னும் துடைக்கல, எங்கே சுத்திக்கிட்டிருக்கே?

அக்கா ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"விரல் வெச்சிட்டேன் சார்," என்றாள். "ஆனா இன்னைக்கு நான் வேலைக்கு வரல."