கலங்கலாண்ட

வெளியுறவுத் துறை இணை அமைச்சர் முத்துகிருஷ்ணன் சொந்த ஊருக்கு வந்தால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்தே வெடிச் சத்தம் கேட்கும். 2003 ஆகஸ்டில் அந்த வெள்ளிக்கிழமை மட்டும் கேட்கவில்லை. வெடி வேண்டாம், மாலை வேண்டாம், கட்சிக்காரன் ஒருத்தனும் கண்ணில் படக் கூடாது என்று காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார். மூன்று கார்கள் பஜாரைத் தாண்டி, அவருடைய அப்பா வெல்ல மண்டி வைத்திருந்த தெருவைத் தாண்டி, ஊர்க்கோடிக் காலனிக்குள் நுழைந்து நின்றபோது மணி நாலரை.

அமைச்சரின் கையில் ஒரு கோப்பு. கோப்புக்குள் ஒரே ஒரு தாள். தாளில் இருந்த பெயர் வசந்த்குமார், லாரி டிரைவர், வயது முப்பத்து நான்கு.

பதினோரு நாளைக்கு முன்னால், சண்டை ஓயாத ஒரு பாலைவன நாட்டில், ராணுவத்துக்கு மாவு மூட்டை ஏற்றிப்போன வசந்த்குமாரின் லாரியை ஒரு கும்பல் மடக்கியது. லாரியைக் கொளுத்திவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போனது. அவன் வேலை பார்த்த கம்பெனி வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் டிரைவரின் தலை இருக்காது என்று அந்தக் கும்பல் கெடு வைத்தது. கம்பெனியோ பார்க்கிறோம், பேசுகிறோம் என்று ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த நாட்டு ராணுவத்துக்கு ஒரு துப்பு கிடைத்தது. தலைநகரில் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கிடங்கு. நம் நேரப்படி மாலை ஐந்தரைக்கு உள்ளே புகுவதாகத் திட்டம். மாட்டியிருப்பவன் இந்தியன் என்பதால் டெல்லியின் சம்மதத்தைக் கேட்டார்கள். டெல்லியும் கொடுத்துவிட்டது.

முத்துகிருஷ்ணனுக்கு ஒதுக்கிய வேலை சுலபமானது. ஐந்தரைக்கு அவர் வசந்த்குமாரின் வீட்டில் இருக்க வேண்டும். ஆள் மீண்டால் மனைவியோடு ஒரு படம். மீளாவிட்டால் மனைவிக்கு ஆறுதல். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு முகத்தை அவர் விமானத்திலேயே தயார் செய்துகொண்டு வந்திருந்தார். வெல்ல மண்டியில் வளர்ந்தவருக்கு அது பெரிய வித்தையில்லை. எதிராளி முன்னால் சந்தோஷத்தையும் காட்டக் கூடாது, பயத்தையும் காட்டக் கூடாது. எந்த விலையைச் சொன்னாலும் பின்வாங்கி நடக்க இரண்டடி இடம் வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. வெல்லப் பாகு வாசனை மாதிரி தானாக உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

வசந்த்குமாரின் மனைவி பாக்கியமேரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நாற்று நட்டுக் காய்த்துப்போன கை. பதினோரு நாளாகத் தூங்காத கண். பின்னால் காலனிப் பெண்கள் பத்துப் பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள். அரசாங்கம் எல்லா முயற்சியும் எடுத்துக்கொண்டிருக்கிறது, பிரதமரே நேரில் விசாரிக்கிறார் என்று அமைச்சர் ஆரம்பித்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உசுரோட கீறாரா?"

முத்துகிருஷ்ணன் ஒரு கணம் யோசித்தார். முந்தாநாள் அந்தக் கும்பல் நம் தூதரகத்துக்கு ஒரு வீடியோ கேசட் அனுப்பியிருந்தது. அதில் வசந்த்குமார் அவர்கள் எழுதிக் கொடுத்ததை இந்தியில் ஒப்பித்துவிட்டு, கடைசியில் தமிழில் இரண்டு வரி பேசியிருந்தான். விஷயம் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு. ஆனால் அந்த இரண்டு வரியின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இதோ கையில் இருக்கிறது, சொன்னால் இந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"முந்தாநாள் பேசியிருக்காரும்மா, அவங்க எழுதிக் குடுத்ததை இந்தியில, கடைசியா தமிழ்ல. நானே பார்த்தேன்" என்றார். பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்திருந்தார். அதைப் பிரித்து, பாதிரியார் குரலில் நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கினார். "'மேரி மாதாவே, ஆண்டவரே, என் மனம் கலங்குகிறது. என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்.' ஜெபம் பண்ணியிருக்கார்மா. அந்த நிலைமையிலயும் விசுவாசத்தை விடலை."

சுவரோரப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு விசும்பினார்கள். பாக்கியமேரி அழவில்லை. தராசு முள்ளை உற்றுப் பார்ப்பவள் மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு, எங்க வூட்டுக்காரரா?"

"ஆமாம்மா."

"அவரு ஜெபம்லாம் பண்ண மாட்டாரு சார். கிறிஸ்மஸ் பூசைக்கே வெளிய நின்னு பீடி புடிச்சிக்கினு இருப்பாரு."

கஷ்டம் வந்தால் மனுஷன் மாறுவான் என்று அமைச்சர் சமாதானம் சொன்னார். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"மேரின்னு சொன்னாரா?"

"சொல்லியிருக்கார்."

"அது மாதா இல்ல சார். நான். என்ன மேரின்னுதான் கூப்புடுவாரு."

முத்துகிருஷ்ணன் தாளைப் பார்த்தார். இங்கிலீஷில் 'மதர் மேரி' என்றுதான் இருந்தது. அந்த மதர் மொழிபெயர்ப்பாளரின் கைச்சரக்கு என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர் அவர். நல்ல மனுஷன், சங்கப் பாட்டெல்லாம் படித்தவர்.

"இங்கிலீசு வேணாம் சார்" என்றாள் பாக்கியமேரி. "அவரு வாயால இன்னா சொன்னாரு, அத்த சொல்லுங்க."

அவருக்குத் தெரியவில்லை. கோப்பில் கையெழுத்துப் போட்ட ஒருவருக்கும் தெரியாது என்பதும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அவர் தொடங்கி மேலே பிரதமர் அலுவலகம் வரைக்கும் எல்லோரும் படித்தது இந்தத் தாளைத்தான்.

மணி நாலு ஐம்பது. சாட்டிலைட் போன் கூரைக்கடியில் வேலை செய்யாது என்பதால் தெருவுக்கு வந்து நின்று, டெல்லியில் இணைச் செயலாளர் பட்நாகரைக் கூப்பிட்டார். கேசட்டைப் போட்டு, கடைசி வரியைப் போனில் கேட்கவைக்கச் சொன்னார். அது ரகசிய ஆவணம், விதி இடம் கொடுக்காது என்றார் பட்நாகர். முத்துகிருஷ்ணன் இந்தியில் அவருக்குக் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. ஆறு நிமிஷத்தில் கேசட் வந்துவிட்டது.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினார். இரைச்சல், யாரோ இருமுகிற சத்தம், அப்புறம் அழுகைக்கு நடுவே ஒரு குரல்.

"மேரி... கலங்கலா... கீறேன். பசங்கள பாத்துக்க."

குரலைக் கேட்டதும் பாக்கியமேரி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அமைச்சருக்குக் 'கலங்கலா' என்பதுதான் கேட்டது. தலை சுற்றுகிறது, கண் மங்குகிறது என்று சொல்கிறவன் அப்படிச் சொல்லக்கூடும். மொழிபெயர்ப்பாளர் முழுசாகத் தப்பு பண்ணவில்லையோ?

"இன்னொரு தபா போடச் சொல்லுங்க சார்."

இரண்டாம் முறையும் இரைச்சல். மூன்றாம் முறை அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது கண்ணில் ஈரமே இல்லை.

"கலங்கலாண்ட கீறேன்றாரு."

முத்துகிருஷ்ணன் நிமிர்ந்தார். இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் விளக்க வேண்டாத வார்த்தை அது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கட்டிவிட்ட கல் வரிசைதான் கலங்கல். 'ஆண்ட' என்றால் பக்கத்தில். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாட்களில் அவரே அங்கேதான் கிடந்திருக்கிறார். டெல்லிக்காரர் கலங்கலைக் கலக்கமாக்கி, ஆண்டவையும் ஆண்டவராக்கி, நடுவில் மாதாவையும் குடிவைத்து, ஒரு டிரைவர் முகவரி சொன்னதை ஜெபப் புத்தகமாக்கிவிட்டார்.

"எங்க மாமனாரு கலங்கலாண்டதான் தண்ணிக் காவல் இருந்தாரு" என்றாள் பாக்கியமேரி. "இவரு வளந்ததே அங்கதான். அந்த ஊர்ல தண்ணி வழியிற எடத்தப் பாத்தாக்கூட அவருக்கு அந்தப் பேருதான் வாயில வரும். புடிச்சி வச்சிக்கீறவங்களுக்கு இந்தி தெரியும்ல, அதான் நம்ம பேச்சுல சொல்லிக்கீறாரு."

போனில் பட்நாகர் காத்திருந்தார். அந்த நாட்டில் அணைக்கட்டு ஏதாவது இருக்கிறதா, தண்ணீர் வழிகிற இடம், பக்கத்தில் கட்டடம் என்று முத்துகிருஷ்ணன் கேட்டார். வரைபடம் சரசரத்தது. தலைநகருக்கு வடக்கே அறுபது கிலோமீட்டரில் ஓர் அணை. உபரித் தண்ணீர் இறங்குகிற மதிலுக்குக் கீழே, கைவிடப்பட்ட பம்ப் ஹவுஸ் ஒன்று. அந்தப் பழைய மார்க்கெட் கிடங்கின் பக்கத்தில்? கிடங்கின் பக்கத்தில் சாக்கடைகூட இல்லை என்றார் பட்நாகர். அவர் குரலும் இப்போது மாறியிருந்தது.

மணி ஐந்து ஏழு. கிடங்கை உடைத்தால் அந்தச் செய்தி அணைக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம் போதும். அதற்கப்புறம் கெடுவுக்கெல்லாம் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

நிறுத்துகிற அதிகாரம் முத்துகிருஷ்ணனிடம் இல்லை. அது மூத்த அமைச்சரிடம் இருந்தது. அவர் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இருந்தார். கூட்டத்துக்குள் ஆளை அனுப்பி அவரை வெளியே வரவழைக்க எட்டு நிமிஷம் ஆனது. வந்தவர் நடந்ததை முழுசாகக் கேட்டுக்கொண்டார். படை இடத்தில் நின்றுகொண்டிருக்கிறது, இப்போது நிறுத்தினால் அந்த நாட்டுக்காரன் நம் மூஞ்சியில் காறித் துப்புவான், அதுவும் ஒரு கிராமத்துப் பெண்ணின் காதை நம்பியா என்றார். முத்துகிருஷ்ணன் ஒரு மணி நேர அவகாசம் கேட்டார். முடியாது என்றார் மூத்தவர். முதலில் அணையைப் பார்க்கட்டும், கிடங்கு எங்கேயும் ஓடிப் போகாது என்றார் முத்துகிருஷ்ணன். கொஞ்ச நேரம் இருவரும் எதிரெதிர்க் கடைக்காரர்கள் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் மூத்தவர் தன் விலையைச் சொன்னார். நிறுத்தச் சொன்னது நீ என்று எழுத்தில் வர வேண்டும். ஆள் செத்தால் அந்தக் கடிதம் பார்லிமென்டில் வாசிக்கப்படும். உன் ராஜினாமாவும் அதோடு வரும்.

முத்துகிருஷ்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"ஏம்மா, ஒருவேளை நீ தப்பாக் கேட்டிருந்தா..."

"நான் சொல்லல சார்" என்றாள் பாக்கியமேரி. "அவரு சொல்றாரு."

பின்வாங்கி நடக்க இரண்டடி இடம் இல்லாத பேரத்தில் அவர் அதுவரைக்கும் கை வைத்ததில்லை. காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து உதவியாளர் எழுத, முத்துகிருஷ்ணன் சொல்லச் சொல்ல, மூன்றே வரியில் கடிதம் முடிந்தது. தகவல் யாரிடமிருந்து என்ற இடத்தில் உதவியாளர் பேனாவை நிறுத்தி, இந்தம்மாவின் முழுப் பெயர் என்ன என்று கேட்டார்.

"அவங்க பேரு எதுக்கு? நான் கேட்டேன்னு எழுதுய்யா" என்றார் அமைச்சர். "எனக்கு இந்தப் பேச்சு தெரியும்."

கடிதத்தைப் போனிலேயே வாசித்தார்கள். படையை நிறுத்தியாயிற்று என்று பட்நாகர் சொன்னபோது ஐந்து இருபத்தாறு. ஹெலிகாப்டர்கள் வடக்கே கிளம்பின. அதற்கப்புறம் போன் ஊமையாகிவிட்டது.

தெருவில் யாரும் கலையவில்லை. கார்களோடு வந்த கேமராக்காரன் இரண்டு தடவை கிட்டே வந்து, அமைச்சர் பார்த்த பார்வையில் விலகிப்போனான். ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. தயார் செய்து கொண்டுவந்த முகம் எங்கேயோ நழுவிவிட்டது. முத்துகிருஷ்ணன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, கார் பம்பரில் உட்கார்ந்து, சிமென்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் கேட்டது 'ண்ட' தானா என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஓட்ட ஓட்ட அது தேய்ந்துகொண்டே போனது. பாக்கியமேரி மட்டும் போன் வைத்திருந்த காருக்குப் பக்கத்திலேயே நின்றாள். யாரோ கொண்டுவந்த தண்ணீரை வாங்கி, தான் குடிக்காமல் அவரிடம் கொடுத்தாள்.

"குடிங்க சார். நான் அப்பால குடிக்கிறேன்."

ஏழு பத்துக்குப் போன் அடித்தது. பட்நாகர் முதலில் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று புரியாமல் முத்துகிருஷ்ணன் பம்பரிலிருந்து எழுந்தார். பம்ப் ஹவுஸில் நாலு பேர் இருந்தார்கள் என்றார் பட்நாகர். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், இரண்டு பேர் பிடிபட்டார்கள். டிரைவருக்குத் தோளில் குண்டு. எலும்பில் படவில்லை. உயிரோடு இருக்கிறார். இணைப்புக் கொடுக்கிறோம், லைனில் இருங்கள்.

முத்துகிருஷ்ணன் அவள் பக்கம் திரும்பினார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனை அவளிடம் கொடுத்தார்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் தேம்பித் தேம்பி அழுவது தெருவுக்கே கேட்டது. பிறகு அவள் தாழ்ந்த குரலில், "அயாத. தண்ணி குடிச்சியா?" என்றாள்.

கேமராக்காரன் ஓடிவந்து இடம் பிடித்தான். அமைச்சர் ரெண்டு வார்த்தை பேசட்டும், டெல்லியில் எதிர்பார்க்கிறார்கள் என்று உதவியாளர் காதைக் கடித்தார். பழக்க தோஷத்தில் முத்துகிருஷ்ணனின் கை போனுக்காக நீண்டது. பாக்கியமேரி நீண்ட கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி, பேசிக்கொண்டே தெருவின் அந்தக் கோடிக்கு, விளக்குக் கம்பம் இல்லாத பக்கமாக நடந்து போனாள்.

உதவியாளர் பின்னாலேயே போகப் பார்த்தார்.

"வுடுய்யா" என்றார் அமைச்சர். "பேசட்டும்."