வாலு போன ரூட்

சைக்கிள் கிளப்பில் அவருக்கு ‘ரூட்டு’ என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேர் வரிசையாகக் கிளம்ப வேண்டுமென்றால், அதற்கு முந்தைய வாரமே அந்த வழியைக் கம்ப்யூட்டரில் மீட்டர் மீட்டராகப் பார்த்து முடித்திருப்பார். எங்கே ஒருவழிப் பாதை, எங்கே ரயில்வே கேட், எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எல்லாம் அத்துப்படி. இத்தனைக்கும் மனுஷன் சைக்கிளில் ஏறிப் பத்து வருஷம் ஆகிறது. முட்டி ஒத்துழைக்கவில்லை.

மற்றவர்கள் ஓட்டிவிட்டு அனுப்புகிற பதிவுகளைச் சுத்தம் செய்வதும் அவர் வேலைதான். சைக்கிளில் மாட்டிய ஜிபிஎஸ் இருக்கிறதே, அது ஓடும்போது சமர்த்தாகக் கோடு போடும். நின்றுவிட்டால் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும். நின்ற இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக இறைத்து வைக்கும். “டீ குடிச்சது, செல்ஃபி எடுத்தது எல்லாம் எனக்கு எதுக்குய்யா?” என்று வைதுகொண்டே அந்தக் குவியலை அழிப்பார்.

கிளப் வேலைக்கு நடுவே அவருக்குச் சொந்த வேலை ஒன்று இருந்தது. நாலு வருஷமாகத் தன்னோடு பேசாத மகள் தினமும் எந்த வழியாகச் சைக்கிள் ஓட்டினாள் என்று பார்ப்பது. ஓட்டுகிறவர்கள் தங்கள் வழியைப் போட்டுக்காட்டும் தளம் ஒன்றில் அவளும் இருந்தாள், ‘வாலு’ என்ற பெயரில். மூன்று வயதில் அவர் வைத்த செல்லப்பெயர் அது. அப்பன்மேல் அவ்வளவு கோபத்திலும் அந்தப் பெயரை அவள் மாற்றவில்லை என்பதில் அவருக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தாள். காலையில் ஓட்டி முடித்ததும் கோடு வந்து விழும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிளப் ரூட்டைப் பார்ப்பதுபோலவே ஆரம்பத்திலிருந்து பார்ப்பார். “பஸ் போற ரோட்டுல எதுக்குடி போறே? பின்னாடி தெரு இருக்குல்ல!” என்று திரையோடு சண்டை போடுவார். ஒருநாள் பதிவு வராவிட்டால் அன்றைக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பார். காய்ச்சலா, விழுந்துவிட்டாளா, யாரிடம் கேட்பது? மறுநாள் கோட்டைப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிடுவார்.

அடுத்த தெருவில் அவர் தங்கை இருந்தாள். பல் கிளினிக் ஒன்றில் வேலை. சாயங்காலம் வந்து அண்ணன் சாப்பிட்டாரா என்று பாத்திரங்களைத் திறந்து பார்த்துவிட்டுப் போவாள்.

“உளவுத்துறைக்கு இன்னிக்கு என்ன தகவல் கிடைச்சுது?” என்பாள்.

“கிளப் வேலைம்மா.”

“ஆமா, கிளப்புல ஒரே ஒரு ஆள்தான் இருக்கா பாரு. போன் பண்ணிப் பேசினா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா அண்ணா?”

“அவளா போனா. அவளா வரட்டும்.”

அவளாகப் போனாளாம்! கேட்பவர்களுக்கு எரிச்சல் வரும். நடந்தது இதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றைக்குக் கொஞ்சம் தேவலை என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி மாடிப்படியில் வைத்து மகளிடம் இவர்தான் சொன்னார்: “அம்மா பக்கத்துல நான் இருக்கேன். நீ போய் அந்தக் காட்டு ரூட்டை ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு வந்துடு. வர ஞாயித்துக்கிழமை நாற்பது பேர் போறாங்க. பாலம் இருக்கா இல்லையான்னு படத்துல சரியா தெரியல.” அவள் மாட்டேன் என்றாள். “நாலு மணி நேரம்டி, ஒண்ணும் ஆகாது” என்று இவர் துரத்தினார். அவள் போனாள். காட்டில் போன் எடுக்கவில்லை. பதினொரு மணிக்கு மனைவி போய்ச் சேர்ந்தாள்.

மத்தியானம் வியர்வையோடு ஓடிவந்த பெண்ணை, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் வைத்து இவர் கேட்டார்: “அம்மா மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கா, உனக்குச் சைக்கிள் கேக்குதா?” துக்கத்தில் வந்ததோ, பயத்தில் வந்ததோ, வார்த்தை வந்துவிட்டது. அவள் இவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. பத்தாம் நாள் இரண்டு பையோடு வீட்டை விட்டுப் போனாள். ‘நான்தான் அனுப்பினேன்’ என்று சொல்ல இவருக்கு அன்றைக்கும் நாக்கு எழவில்லை, அதற்குப் பிறகும் எழவில்லை. ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அந்தச் சொல் இன்னும் கனத்துக்கொண்டே போனது.

போன வாரம் ஒரு அசம்பாவிதம் நடந்தது. அவள் போட்ட வழியைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது கை தவறி, கட்டைவிரல் படம் போட்ட பாராட்டுப் பொத்தான் அமுங்கிவிட்டது. நாலு வருஷத்தில் ஒருநாள்கூடத் தொடாத பொத்தான். பதறியடித்து உடனே எடுத்துவிட்டார். இரண்டு விநாடி இருக்குமா? இருந்தாலும் அன்றைக்கு முழுக்கக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அழுத்திட்டு எடுத்தா அவங்களுக்குத் தெரியுமா?” என்று கிளப் செயலாளருக்குப் போன் போட்டு, யாருக்கோ கேட்பதுபோல் கேட்டார்.

“போன்ல சத்தம் வந்துடும் சார். யார் அழுத்தினாங்கன்னும் காட்டும். அப்புறம் எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல.”

மறுநாள் அவள் கோடு முதல்தடவையாக ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. பாலம் இறங்கித் திரும்பிவிட்டது. அதற்கு அடுத்த நாள் தபால் ஆபீஸ் வரை. அப்புறம் அவள் படித்த பள்ளிக்கூடம் வரை. ரூட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார். வியாழக்கிழமை, இவர் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால், மருந்துக்கடை வரை வந்து திரும்பியிருந்தாள்.

“வரா பாரு!” என்றார் தங்கையிடம். சின்னப் பையனுக்கு வருகிற மாதிரி குரல் கீச்சென்று வந்தது. “நாளைக்கு வந்துடுவா. மெத்தை உறையெல்லாம் மாத்திட்டேன்.”

தங்கை சிரிக்கவில்லை. “அண்ணா, தயவுசெஞ்சு இன்னிக்கே கூப்பிடு. நாளைக்குன்னு விடாதே.”

“இவ்வளவு தூரம் வந்தவ இன்னும் ரெண்டு தெரு வர மாட்டாளா? நான் கூப்பிட்டா முறுக்கிக்குவா. அவ அம்மா மாதிரி.”

“நான் ஏதோ சொல்றேன்னா அதுக்குக் காரணம் இருக்கும்னு உனக்குத் தோணவே தோணாதா?” என்றாள் தங்கை. மேலே ஏதோ சொல்ல வந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரூட்டு ஷேவ் செய்துகொண்டார். ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்தான். முன்னறையில் சுவரைப் பார்த்த மேஜை. முதுகுக்குப் பின்னால் ஜன்னல், அதற்கப்புறம் வாசல் கேட். மருந்துக்கடை வரை வந்த நேற்றைய கோட்டைப் பெரிதாக்கி, அங்கிருந்து வீட்டுக்கு எந்தப் பக்கமாக வருவாள், குழி தோண்டிப் போட்டிருக்கிற தெருவில் மாட்டிக்கொள்வாளோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். புதுப் பதிவு வந்ததா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வரவில்லை. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் கோடு வந்து விழுந்தது. பாலம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், மருந்துக்கடை. மருந்துக்கடையில் நிற்கவில்லை. முதல் தெரு. இந்தத் தெரு. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, அவர் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் ஒரு கை புள்ளி இறைந்து கிடந்தது.

கருவி தப்பாகக் காட்டுகிறதோ என்று நேரத்தைத் தட்டிப் பார்த்தார். பத்து பன்னிரண்டிலிருந்து பத்து முப்பத்தொன்று. பத்தொன்பது நிமிஷம் அங்கேயே நின்றிருக்கிறாள். அப்போது அவர் எங்கே இருந்தார்? இதே நாற்காலியில். திரும்பியிருந்தால் போதும். ஐயோ, ஒரு தடவை கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும்! எழுந்து வாசலுக்கு ஓடினார். ஆறரை மணி நேரத்துக்கு முன்னால் போனவள் அங்கே நிற்பாளா? தெருவில் ஒருத்தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து மிச்சக் கோட்டைப் பார்த்தார். கேட்டிலிருந்து நேராகக் கடைத்தெரு. பழைய சைக்கிள் வாங்கி விற்கிற கடை வாசலில் கோடு முடிந்துபோயிருந்தது. நாலு வருஷமாகக் கூப்பிடாத நம்பரைக் கூப்பிட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். தங்கையைக் கூப்பிட்டார். “உடனே வா” என்று மட்டும் சொல்லி வைத்தார்.

தங்கை கிளினிக் உடுப்போடு ஓடிவந்தாள். திரையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அஞ்சே காலுக்கு பிளைட்டு அண்ணா. வேலை கிடைச்சிருக்கு, ரொம்ப தூரம். இப்ப ஏறியிருப்பா, போனையும் அணைச்சிருப்பா. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா. உன் கட்டைவிரல் வந்ததுலேர்ந்து அவளுக்கு ஒரே ஆசை. ‘தினமும் கொஞ்சம் கிட்டப் போறேன் அத்தை, அப்பா பாத்துட்டுக் கூப்பிடுவாரு’ன்னா. காலையில உன் கேட்டுலேர்ந்துதான் எனக்குப் போன் பண்ணினா.”

“என்ன சொன்னா?”

“வேண்டாம் அண்ணா.”

“சொல்லு.”

“‘அப்பா முதுகுதான் தெரியுது அத்தை. ஸ்கிரீன்ல யாரோட ரூட்டையோ பாத்துட்டு இருக்காரு. அவருக்கு இன்னும் அதுதான் முக்கியம். நான் கிளம்பறேன்’னா. உள்ளே போடீன்னு கெஞ்சினேன். கேக்கல.”

அது உன் ரூட்டுடி, உன் ரூட்டுதான்டி என்று சொல்ல அந்த வீட்டில் அவள் இல்லை. அவருக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல், மனைவி செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை எழுபது வயசில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவே, நாலு வருஷமாக எழாத நாக்கு எழுந்தது.

“அன்னிக்கு அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் துரத்தி அனுப்பினேன். காட்டு ரூட்டைப் பாக்கச் சொல்லி நான்தான் அனுப்பினேன்.”

தங்கை அவர் முழங்காலில் கை வைத்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும் அண்ணா. அவதான் சொன்னா. ‘அப்பா அனுப்பினாருன்னு தெரிஞ்சா எல்லாரும் அவரை ஏசுவாங்க, அவர் தாங்க மாட்டாரு, பழி என் மேலேயே இருக்கட்டும்’னு என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டா.”